விழுந்து எழுந்து வந்த ரன்

பேஸ்பாலில் மூன்று பேஸையும் சுற்றிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். மூன்றாம் பேஸைக் கடந்து ஹோம் பிளேட்டை நோக்கிப் பாய்ந்த ரேண்டி அரோசரேனாவுக்குக் கால் இடறியது. தலைகுப்புற விழுந்து, உருண்டு, எழுந்தார். எழுந்தவர் வந்த வழியே மூன்றாம் பேஸுக்குத் திரும்பப் பார்த்தார். வேறு என்ன செய்வது? பந்து அதற்குள் உள்களத்திலிருந்து ஹோம் பிளேட்டுக்குக் கிளம்பிவிட்டது. அங்கே கேட்சர் வில் ஸ்மித் காத்திருக்கிறார். பந்தைப் பிடித்துவிட்டால் போதும், பாதி வழியில் திக்குத் தெரியாமல் நிற்கும் ஓட்டக்காரரைப் பந்தோடு தொட்டுச் சாவகாசமாக அவுட் ஆக்கலாம்.

ஆனால் ஓட்டக்காரர் விழுந்தது ஸ்மித்துக்குத் தெரியாது. அவர் கணக்குப்படி அரோசரேனா இந்நேரம் தன் காலடியில் சறுக்கிக்கொண்டிருக்க வேண்டும். பந்து கைக்கு வந்து சேரும் முன்பே, வராத ஆளைத் தொடுவதற்காகக் கையுறையை வீசித் திரும்பினார். பந்து கையுறையில் பட்டுத் தெறித்துப் பின்னால் ஓடியது. அரோசரேனா மறுபடி திசை மாறி ஓடிவந்து, மண்ணில் நெஞ்சடிக்கப் பாய்ந்து, ஹோம் பிளேட்டைக் கையால் அடித்தார். அடித்தார், மறுபடியும் அடித்தார். ஆட்டம் முடிந்திருந்தது.

2020 அக்டோபர் 24. டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த உலகத் தொடரின், அதாவது நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை தரும் அமெரிக்க பேஸ்பால் இறுதித் தொடரின், நான்காவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் 8, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் 7.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் இப்படிப்பட்ட ஆட்டம் முடிந்த மறுநாள் பேசிக்கொள்வதைக் கேட்டால், ஜெயித்த அணியின் ஆட்களா தோற்ற அணியின் ஆட்களா என்று சட்டென்று பிடிபடாது. ஜெயித்தவர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள்: எத்தனை பிழை, எத்தனை தடுமாற்றம், இப்படி ஆடினால் நாளைக்கு என்ன கதி? அதே வாயால் அந்தக் கடைசி இருபது நொடியைப் பத்தாவது தடவையாக வர்ணிப்பார்கள். ஒழுங்காக ஆடி ஜெயித்த ஆட்டத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. இது ஏன் என்று புரிந்துகொள்ள இந்த விளையாட்டின் அமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் போதும். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓர் அணி ஆடி முடித்த பிறகுதான் மற்றது ஆட வரும். பேஸ்பாலில் மூன்று அவுட்டுக்கு ஒரு முறை மட்டை கை மாறும். இப்படி ஒன்பது சுற்று. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் விருந்தாளி அணி முதலில், சொந்த அணி பிறகு. ஆகவே ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதியில் கடைசி வாய்ப்பு எப்போதும் சொந்த அணிக்குத்தான். அப்போது அவர்கள் முன்னிலை பெற்ற கணமே ஆட்டம் நின்றுவிடும், மிச்சமிருக்கும் அவுட்களுக்கு வேலையில்லை. இப்படி வரும் வெற்றிக்குத்தான் வாக்-ஆஃப் என்று பெயர். இந்த விளையாட்டில் மணியடித்து ஆட்டத்தை முடிக்கக் கடிகாரம் கிடையாது. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்ட முடியாது. கடைசி அவுட்டை எடுத்தே தீர வேண்டும், அதை எடுக்கும் வரை எந்தப் பிழைக்கும் விலை உண்டு.

ஆர்லிங்டனில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அது இரண்டு அணிகளுக்குமே சொந்த ஊர் இல்லை. பெருந்தொற்றுக் காலம் என்பதால் உலகத் தொடர் முழுவதும் பொது மைதானம் ஒன்றில் நடந்தது. முறை வைத்து அன்று ரேஸ் அணிக்குச் ‘சொந்த அணி’ என்ற பட்டம். அந்தப் பட்டத்தால் வந்தது கடைசி மட்டை.

அந்த ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு முன்பே கட்டுக்கடங்காமல்தான் போய்க்கொண்டிருந்தது. நான்காம் இன்னிங்ஸின் பிற்பாதியிலிருந்து எட்டாம் இன்னிங்ஸின் முற்பாதி வரை எட்டு அரை இன்னிங்ஸ்களில் ஒன்றுகூடக் காலியாகப் போகவில்லை. ஒவ்வொன்றிலும் யாராவது ரன் எடுத்தார்கள். டாட்ஜர்ஸ் முந்தும், ரேஸ் எட்டிப் பிடிக்கும், மறுபடி டாட்ஜர்ஸ் முந்தும். கடைசியில் 7-6 என்று டாட்ஜர்ஸ் முன்னிலையில் இருக்க, அவர்களுடைய பிட்சர் (பந்து வீசுபவர்) கென்லி ஜான்சன் ஆட்டத்தை முடித்துவைக்க வந்தார். இரண்டு அவுட் விழுந்துவிட்டது. முதல் பேஸில் அரோசரேனா, இரண்டாம் பேஸில் கெவின் கீர்மையர். மட்டை பிடிக்க வந்தவர் பிரெட் பிலிப்ஸ்.

பிலிப்ஸ் யார்? அந்தப் பருவத்தில் மட்டைச் சராசரி .200ஐக்கூட, அதாவது ஐந்து வாய்ப்புக்கு ஒரு ஹிட் (பேஸில் சேர்க்கும் நல்ல அடி) என்ற அளவைக்கூடத் தொடாதவர். எட்டாவது இன்னிங்ஸில் வேறொருவருக்குப் பதிலாக ஓடுவதற்காகக் களத்துக்குள் அனுப்பப்பட்டவர். அவருடைய பலம் ஓட்டமும் எறிதலும்தான். நெருக்கடியில் மட்டையைக் கொடுத்து அனுப்பும் ஆள் என்று எந்த ரேஸ் ரசிகரும் சத்தியம் செய்திருக்க மாட்டார். ஆனால் ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்து ஊரான செமினோலில், அதே அணிக்குக் கைதட்டி வளர்ந்த பையன். இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்காமல் தவறவிட்ட நல்ல பந்து) ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் ஆட்டம் முடிந்தது, டாட்ஜர்ஸ் தொடரில் 3-1 என்று முந்தியிருக்கும்.

பிலிப்ஸ் பந்தை வலது நடுப் பகுதிக்கு அடித்தார். கீர்மையர் வந்து சேர்ந்தார், 7-7. இதுவரை நடந்தது நல்ல அடி, நல்ல ஓட்டம், அவ்வளவுதான். இதற்குப் பிறகு நடந்ததுதான் விவகாரம். நடு வெளிக்களத்தில் கிறிஸ் டெய்லர், பந்து கைக்கு வரும் முன்பே ஓட்டக்காரர் எங்கே என்று பார்த்தார் போலும். பந்து கையுறையில் பட்டு விலகி ஓடியது. அதைக் கண்டு அரோசரேனா மூன்றாம் பேஸில் நிற்காமல் ஹோம் பிளேட் பக்கம் திரும்பினார். டெய்லர் துரத்திப் பிடித்து உள்ளே எறிய, இடையில் நின்ற மேக்ஸ் மன்சி வாங்கி ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். அப்போதுதான் அந்த இடறல். பிறகு ஸ்மித். ஜான்சனையும் சேர்க்க வேண்டும்: இப்படி எறி வரும்போது கேட்சருக்குப் பின்னால் போய்க் காவல் நிற்பது பிட்சரின் வேலை. அவர் அங்கே இல்லை. இருந்திருந்தால் தெறித்த பந்தை எடுத்து ஒருவேளை ஆட்டத்தைப் பத்தாவது இன்னிங்ஸுக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

ஒரே பந்தில் நான்கு பேரின் சறுக்கல். மூவர் தோற்ற அணியில், ஒருவர் ஜெயித்த அணியில்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கச்சிதமான வாக்-ஆஃப் என்பது பந்து வேலிக்கு அப்பால் பறக்கும் ஹோம் ரன். மட்டையில் பந்து பட்ட ஓசையிலேயே பாதிப் பேருக்கு முடிவு தெரிந்துவிடும். சியாட்டில் மரினர்ஸ் 2001க்குப் பிறகு பிளே-ஆஃப் பக்கமே போகாமல் இருந்து, 2022 செப்டம்பர் 30 அன்று கால் ராலி ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னால் உள்ளே நுழைந்தார்கள். அழகான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் அதில் விதி ஒரே ஒரு தடவைதான் புரண்டது. அரோசரேனாவின் ஓட்டத்திலோ, சில நொடிகளுக்குள் சமன், வெற்றி, ஐயோ போச்சு, இல்லை வெற்றி என்று நான்கு தடவை புரண்டது. பார்ப்பவனின் நெஞ்சு ஒவ்வொரு தடவையும் கூடவே புரளும். அலங்கோலம் ஆட்டத்தின் பரபரப்பைக் கெடுத்தது என்று சொல்வார் உண்டு. என்னைக் கேட்டால், பரபரப்பை உண்டாக்கியதே அதுதான். நான்கு பேரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தால் அது ஒரு சாதாரணமான சமன் அடி.

இத்தனையையும் ஸ்கோர் புத்தகம் எப்படி எழுதிக்கொள்கிறது என்பது தனிக் கதை. பேஸ்பாலில் அதிகாரபூர்வக் கணக்கர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்; அவர்தான் இது பிழை, இது பிழையில்லை என்று தீர்ப்புச் சொல்பவர். அவருடைய அளவுகோல் ‘சாதாரண முயற்சி’: அந்த இடத்தில் நிற்கும் ஓர் ஆட்டக்காரர் சாதாரண முயற்சியால் எடுத்திருக்கக்கூடியதை எடுக்காவிட்டால் பிழை. யோசனையில் நடக்கும் தவறு பிழைக் கணக்கில் வராது. தப்பான பேஸுக்கு எறிவது, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நிற்பது, வெயிலில் பந்தே கண்ணில் படாமல் போவது, எதற்கும் பெரும்பாலும் எழுத்து இல்லை. தடம் மாறிப் பறக்கும் பந்துவீச்சுக்குக்கூடத் தனிக் கட்டம் உண்டு, பிழைக் கட்டத்தில் சேராது. ஆகவே அரோசரேனா விழுந்தது புத்தகத்தில் இல்லை. ஜான்சன் நின்ற இடமும் இல்லை. ரசிகர்கள் ஏன் வாய்வழியாகவே இந்த ஆட்டங்களைக் கடத்துகிறார்கள் என்பதற்கு இதுவும் காரணம். புத்தகத்தைப் புரட்டினால் பாதி நடந்ததாகவே தெரியாது.

புத்தகம் சில சமயம் நடந்ததையே மாற்றியும் எழுதும். 1999 அக்டோபர் 17, நியூயார்க் ஷே மைதானத்தில் மெட்ஸ் அணியும் அட்லாண்டா பிரேவ்ஸும் பதினைந்து இன்னிங்ஸ் ஆடிய இரவு. பேஸ்கள் மூன்றிலும் ஆள் நிற்க, மெட்ஸின் ராபின் வென்ச்சுரா பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டார். விதிப்படி நான்கு ரன். ஆனால் அவர் இரண்டாம் பேஸை அடைவதற்குள் சக ஆட்டக்காரர்கள் மொய்த்துத் தூக்கிவிட்டார்கள். அவர் சுற்றி முடிக்கவே இல்லை. கணக்கில் ஏறியது ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை மட்டும் சேர்க்கும் அடி), ஒரு ரன், 4-3. அதற்கு அடுத்த ஆட்டம் இன்னும் மோசம். பதினோராவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்திருக்க, மெட்ஸ் பிட்சர் கென்னி ராஜர்ஸ் நான்கு பந்தை வெளியே போட்டு ஆன்ட்ரூ ஜோன்ஸை முதல் பேஸுக்கு இலவசமாக நடக்க விட்டார். இடம் விட்டு நகர்ந்த மூன்றாம் பேஸ்காரர் ரன்னானார். பிரேவ்ஸ் 10-9 என்று ஜெயித்து உலகத் தொடருக்குப் போனது. கடைசிப் பந்தில் மட்டையை அசைக்காமல் நின்று கிடைத்த வெற்றி.

வாக்-ஆஃப் என்ற சொல்லின் பிறப்பும் வேடிக்கையானது. அது ஜெயித்தவர்களுக்காகப் பிறந்ததே இல்லை. ஓக்லண்ட் ஏ’ஸ் அணியின் பிட்சர் டென்னிஸ் எக்கர்ஸ்லி 1980களில், கடைசி நேரத்தில் ஹோம் ரன் வாங்கிய பிட்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு களத்தைவிட்டு நடந்துபோவதைக் குறிக்கத்தான் அப்படிச் சொல்லிவந்தார். 1988இல் அது அச்சேறியது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், கால் இரண்டும் வலியில் இழுத்துக்கொண்டு வந்த கிர்க் கிப்சன் அதே எக்கர்ஸ்லியின் பந்தை வெளியே அடித்தார். சொல்லைத் தந்தவரே நடந்துபோனார். பிறகு ரசிகர்கள் அந்தச் சொல்லைப் பறித்து ஜெயித்த பக்கம் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அலங்கோலமான வெற்றி ஒவ்வொன்றிலும் பழைய பொருள் எட்டிப் பார்க்கிறது: அங்கே கொண்டாட்டத்தைவிட, தலைகுனிந்து நடப்பவர்தான் கண்ணை இழுக்கிறார்.

அந்த வகையில் பில் பக்னர் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. 1986 அக்டோபர் 25, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், அதே ஷே மைதானம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் தொடரில் 3-2 என்று முன்னிலை. இந்த ஆட்டத்திலும் பத்தாவது இன்னிங்ஸில் 5-3. மெட்ஸின் முதல் இரண்டு பேர் அவுட். அதன்பின் வரிசையாக மூன்று சிங்கிள், 5-4. பிட்சர் மாறினார். புதிதாக வந்த பாப் ஸ்டான்லி, மூக்கி வில்சனுக்கு எதிரே பந்தைத் தடம் மாற்றிவிட, மூன்றாம் பேஸில் நின்ற கெவின் மிட்செல் ஓடிவந்து சமன் செய்தார். அதற்குப் பிறகுதான் வில்சன் அடித்த சாதுவான தரைப் பந்து முதல் பேஸில் நின்ற பக்னரின் கால்களுக்கு நடுவே போனது. ரே நைட் வந்து சேர்ந்தார், 6-5.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பக்னர் பந்தைத் தவறவிட்டபோது ஆட்டம் ஏற்கெனவே 5-5. அவர் பிடித்திருந்தாலும் பாஸ்டன் ஜெயித்திருக்காது, பதினோராவது இன்னிங்ஸ் வந்திருக்கும், அவ்வளவுதான். தொடரும் அன்றோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்திலும் பாஸ்டன் 3-0 என்று முந்தியிருந்து 8-5 என்று தோற்றது. கணுக்கால் வலியோடு ஆடிய பக்னரை, கடைசி இன்னிங்ஸ்களில் வழக்கமாகச் செய்வதுபோல் மாற்றாமல் விட்டது மேலாளர் முடிவு. ஆனால் பழி ஒரு பந்தின் மேல், ஓர் ஆளின் மேல் விழுந்தது. ஆட்டவாழ்வில் 2,715 ஹிட் அடித்தவரை மக்கள் அந்த ஒரு பந்தை வைத்தே அடையாளம் சொன்னார்கள். 2008இல் பாஸ்டன் மைதானம் அவரை அழைத்து முதல் பந்து வீசவைத்து, எழுந்து நின்று கைதட்டியது. இடையில் இருபத்திரண்டு ஆண்டு.

வாக்-ஆஃபின் கொடுமை இதுதான்: கடைசியாக நடந்ததே எல்லாவற்றுக்கும் காரணம்போலத் தோன்றிவிடும். ஐந்தாவது இன்னிங்ஸில் விட்ட கேட்ச்சும் அதே எடையுள்ள தவறுதான். ஆனால் அதற்குப் பின்னால் யாரும் கூட்டமாகக் குதிப்பதில்லை.

இனி, மறுநாள் காலை மகிழ்ச்சியோடு முனகவும் செய்கிறாரே அந்த ரசிகர், அவருடைய முனகலுக்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது. வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். ஒரு ரன் வித்தியாசத்தில் ஜெயிப்பது பெரும்பாலும் திறமையைவிட அதிர்ஷ்டம் என்பது புள்ளிவிவரக்காரர்களின் பழைய வாதம். ஓர் அணி எவ்வளவு நல்லது என்பதை வெற்றி எண்ணிக்கையைவிட, எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகக் காட்டும் என்பார்கள். 2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் இதற்குப் பாடம்போல ஆடியது. பருவம் முழுவதற்கும் சேர்த்து அவர்கள் எதிரணிகளைவிட எடுத்த கூடுதல் ரன் ஏழே ஏழு. ஆனால் வெற்றி 93. ஒரு ரன் ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி. கூடுதல் இன்னிங்ஸ் போன ஆட்டங்களில் 16 வெற்றி, 2 தோல்வி. அடுத்த ஆண்டு ரன் வித்தியாசம் முன்னைவிட நன்றாக இருந்தும் ஒரு ரன் ஆட்டங்களில் 20-31 என்று சரிந்து, 85 வெற்றியோடு நின்றது. சொந்த அணி மூன்று நாள் தொடர்ந்து தட்டுத்தடுமாறி ஜெயிக்கும்போது அனுபவஸ்த ரசிகருக்கு வயிற்றில் புளி கரைவது இதனால்தான். கடன் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

எல்லோரும் அப்படி இல்லை. 2021இல் சியாட்டில் மரினர்ஸ் எதிரணிகளுக்கு 51 ரன் கூடுதலாகவே கொடுத்தும் 90 ஆட்டம் ஜெயித்தது. ஒரு ரன் ஆட்டங்களில் 33-19. ரன் வித்தியாசத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அலுத்த மேலாளர் ஸ்காட் சர்வைஸ், எங்கள் கணக்கு குதூகல வித்தியாசம் என்றார். அந்த ஊர் ரசிகர்கள் அதையே முழக்கமாக எடுத்துக்கொண்டார்கள். பிளே-ஆஃபுக்கு அந்த ஆண்டும் போகவில்லை, ஆனால் அந்தப் பருவத்தைப் பற்றி முகம் சுளித்துப் பேசும் சியாட்டில்காரர் குறைவு.

இந்த இரண்டு கட்சியில் ரேஸ் அணி எந்தக் கட்சி என்று கேட்டால், எந்தச் சந்தேகமும் இல்லாமல் கணக்குக் கட்சி. பெரிய சம்பளம் கொடுக்க வழியில்லாத அந்த அணி, ஒவ்வொரு முடிவையும் நிகழ்தகவால் நிறுத்துப் பார்த்துத்தான் உலகத் தொடர் வரை வந்தது. அப்படிப்பட்ட அணி அந்த அக்டோபரில் பெற்ற மிக இனிய வெற்றி, யாராலும் கணக்குப் போட முடியாத ஒரு களேபரத்தில் வந்தது. பிலிப்ஸ் இரண்டு கைகளையும் விமானச் சிறகுபோல விரித்துக்கொண்டு வெளிக்களத்தில் சுற்றிச் சுற்றி ஓடினார்.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 27. ஐந்தாவது ஆட்டத்தை டாட்ஜர்ஸ் ஜெயித்திருக்க, ஆறாவது ஆட்டத்தில் ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் எதிரணியைக் கட்டிப்போட்டிருந்தார்: ஐந்து இன்னிங்ஸுக்கு மேல், இரண்டே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக்-அவுட், ரேஸ் 1-0 முன்னிலை. அவர் வீசியது 73 பந்துதான். ஆனால் எதிரணியின் ஒரே மட்டை வரிசையை ஒரு பிட்சர் மூன்றாம் தடவை சந்திக்கும்போது அடி வாங்குவார் என்பது கணக்கு. மேலாளர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஸ்னெலின் முகத்தைக் கேமரா பிடித்தது. பதிலுக்கு வந்த நிக் ஆண்டர்சனின் பந்தில் முதலில் டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ், இரண்டாம் பேஸ் வரை சேர்க்கும் டபிள் அடித்தார். பிறகு ஒரு பந்து தடம் மாறிப் பறந்து சமனாக்கியது. அடுத்து ஒரு தரைப் பந்தில் பெட்ஸ் ஹோம் பிளேட்டைத் தொட்டார். டாட்ஜர்ஸ் 3-1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோனது.

ரேஸ் ரசிகர்களிடம் 2020 என்று சொன்னால், ஸ்னெலை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டுச் சண்டைக்கு வருவார்கள். அரோசரேனா ஏன் விழுந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை.